கணினித் திரை கலங்கினால் முதலில் பார்க்க வேண்டியது எது?

தோட்டப்புற இல்லங்களில் கணினி இன்று அரிய பொருளன்று. பிள்ளைகளின் பள்ளிப் பாடங்களுக்காகவும், அரசாங்க உதவிகளுக்கு மனுச் செய்வதற்காகவும், பெரும்பாலும் பழைய கணினியாகவே பார்த்து வாங்கி, வீட்டின் ஒரு மூலையில் வைத்திருக்கிறோம். அது ஒழுங்காக ஓடும்வரை அதனுள்ளே என்ன இருக்கிறதென்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் காலையில் எழுத்துகள் பெருத்துப் போயோ, படம் நடுங்கியோ, திரை முற்றும் இருண்டோ காணப்படுமானால், ‘கணினி போய்விட்டது’ என்று முடிவுகட்டி, அதனைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக் கடைக்கு விரைகிறோம். அவ்வாறு விரைவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சில சோதனைகள் உள்ளன. அவற்றை இங்கே நேயர்களுக்கு விளக்க விழைகிறோம்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டம் ஒன்றில் வாழ்கிறது. தந்தையும் தாயும் பால்வெட்டுத் தொழிலாளர்கள். மகள் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் பொருட்டு 650 வெள்ளிக்குப் பழைய மேசைக் கணினி ஒன்றை வாங்கினார்கள். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஓர் இரவு விண்டோஸ் தானாகவே தன்னைப் புதுப்பித்துக் கொண்டது. மறுநாள் முதல் திரை விட்டுவிட்டு இருண்டது. கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, ‘கிராஃபிக்ஸ் கார்டு’ செத்துவிட்டதென்றும், மாற்றுவதற்கு 380 வெள்ளி ஆகுமென்றும் கூறினார். நம் நாட்டில் 2025 ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேற்பட்ட தொகையை ஒரே நாளில் கொடுக்கச் சொன்னால் எந்தத் தொழிலாளி தயங்க மாட்டார்? தந்தையும் தயங்கினார். கணினியைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார். அந்தத் தயக்கம் எத்துணை நன்மையாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

கங்காணியாரும் இயக்கியும்

கணினியில் படத்தைத் தீட்டும் வேலையைச் செய்வது வரைகலைச் சில்லு ஆகும். சில கணினிகளில் அது மூளையாகிய நடுச்சில்லுக்கு உள்ளேயே அடங்கியிருக்கும். சிலவற்றில் தனி அட்டையாகச் செருகப்பட்டிருக்கும். அந்த அட்டையைத்தான் கடைகளில் ‘கிராஃபிக்ஸ் கார்டு’ என்கிறார்கள். இண்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகிய மூன்று நிறுவனங்களின் சில்லுகளையே இல்லக் கணினிகளில் பெரிதும் காண்கிறோம். ஒவ்வொரு சில்லுக்கும் அதற்கே உரிய மொழி உண்டு. விண்டோஸ் அம்மொழிகளை எல்லாம் அறியாது. ஆகவே விண்டோஸின் கட்டளையைச் சில்லின் மொழியில் மாற்றிச் சொல்ல ஒரு மென்பொருள் இடையே நிற்கிறது. அதற்கே ‘டிரைவர்’ என்று பெயர். தமிழில் இயக்கி என்போம்.

டிரைவர் என்றதும் நமக்கு லோரி ஓட்டுபவரே நினைவுக்கு வருவார். ஆயினும் இந்த டிரைவரைக் கங்காணியார் என்று எண்ணிக்கொள்வதே பொருத்தமாகும். முன்னாளில் துரை ஒரு மொழியில் ஆணையிடுவார். பிரட்டுக் களத்தில் நின்ற தொழிலாளர் அறிந்தது வேறு மொழி. இடையில் நின்ற கங்காணியார் பிழைபட எடுத்துச் சொன்னால், துரையிடமும் குற்றமில்லை, தொழிலாளரிடமும் குற்றமில்லை. வேலை மட்டும் கெட்டுப்போகும். கணினியிலும் அவ்வாறே விண்டோஸும் நன்றாக இருக்கும், கார்டும் நன்றாக இருக்கும், இயக்கி மட்டும் பழுதுபட்டோ பொருந்தாமலோ இருக்கும். திரையைப் பார்க்கும் நமக்கோ கார்டே செத்துவிட்டதாகத் தோன்றும்.

உரிய இயக்கி கிடைக்காத வேளையில் விண்டோஸ் தன்னிடமுள்ள தற்காலிக இயக்கி ஒன்றைக்கொண்டு சமாளிக்கும். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்பது அதன் பெயர். எல்லாச் சில்லுகளோடும் அது ஒருவாறு பேசும். ஆனால் அடிப்படைச் சொற்கள் சிலவற்றையே அறியும். அதனால்தான் எழுத்துகள் பெருத்துக் காணப்படுகின்றன. காணொளி தட்டுத்தடுமாறி ஓடுகிறது. மடிக்கணினியில் திரையின் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயலாமற் போகிறது. இந்த அறிகுறிகளை மட்டும் கண்டால் அஞ்ச வேண்டுவதில்லை. கார்டு சாகவில்லை, கங்காணியார் வேலைக்கு வரவில்லை, அவ்வளவே.

முதற் சோதனை

எதற்கும் முன்னர்க் கேபிளைப் பாருங்கள். சிறிய காரியமென்று இதனை இகழ்தலாகாது. இரு முனைகளையும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுங்கள். வீட்டில் தொலைக்காட்சி இருக்குமாயின், அதே கேபிளை அதில் செருகி, படம் வருகிறதா என்று பாருங்கள். தொலைக்காட்சியில் படம் தெளிவாக வந்தால், பழுது கணினியில் இல்லை, திரைப்பெட்டியில் உள்ளது. தனிக் கார்டு உள்ள மேசைக் கணினியின் பின்புறத்தில் இரண்டிடங்களில் கேபிள் செருகும் துளைகள் இருக்கும். மேலே, விசைப்பலகைக் கேபிள் செருகும் இடத்திற்கு அருகில் இருப்பவை தாய்ப்பலகைக்கு உரியவை. கீழே குறுக்காக இருப்பவை கார்டுக்கு உரியவை. வீட்டைக் கூட்டும்போது கழன்ற கேபிளை மாற்றிச் செருகிவிட்டு, ஒரு வாரம் கணினியைச் சபித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

கேபிளில் குறையில்லையென்றால், அடுத்ததாகச் செய்ய வேண்டிய சோதனைக்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். கண் மட்டும் போதும். கோளாறு எந்த நேரத்தில் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சுவிட்சைத் தட்டியவுடன் முதலில் தோன்றுவது கணினியைச் செய்த நிறுவனத்தின் முத்திரை. அப்போது விண்டோஸ் இன்னும் விழித்தெழவில்லை. ஆகவே விண்டோஸின் இயக்கியும் வேலைக்கு வரவில்லை. கங்காணியார் களத்துக்கே வராத வேளையில் நேர்ந்த பிழைக்கு அவர் எவ்வாறு பொறுப்பாவார்? அந்த முத்திரை தோன்றும்போதே திரையில் கோடுகளும் வண்ணத் திட்டுகளும் காணப்பட்டால், இயக்கி குற்றமற்றது. பழுது கார்டிலோ, கேபிளிலோ, திரைப்பெட்டியிலோ, நினைவகத்திலோ உள்ளது. நினைவகத்தையும் இங்கே சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. நடுச்சில்லுக்குள் அடங்கிய வரைகலைச் சில்லுக்குத் தனி நினைவகம் இல்லை. கணினியின் பொது நினைவகத்திலிருந்தே அது ஒரு பங்கைக் கடனாகப் பெறுகிறது. நினைவகத் தகடு தளர்ந்திருந்தாலும் படம் கெடலாம்.

முத்திரை ஓரிரு விநாடியில் மறைந்துவிடுவதால் போதிய நேரம் கிடைப்பதில்லை. அதற்கும் வழி உண்டு. கணினியைத் தொடங்கியவுடன் எஃப்2 அல்லது டிலீட் விசையை விட்டுவிட்டுத் தட்டினால், ‘பயோஸ்’ எனப்படும் அமைப்புப் பக்கம் திறக்கும். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும். முத்திரையின் அடியிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். அப்பக்கத்தில் எதனையும் மாற்றாமல், பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டுக் கவனியுங்கள். அங்கேயும் திரை இருண்டால், இயக்கியை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

இதனை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், எதிர்ப்புறமாகத் தவறியவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். இடி மின்னலுக்குப் பிறகு திரையில் பச்சைக் கோடுகள் தோன்றிய ஒரு வீட்டில், இளைஞர் ஒருவர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இயக்கியை அழிப்பதும் மீண்டும் நிறுவுவதுமாகக் கழித்தார். கோடுகள் முத்திரையிலேயே இருந்ததை அவர் கவனிக்கவில்லை. மின்னல் தாக்கிய கார்டை எந்த இயக்கியும் உயிர்ப்பிக்காது. அவர் கார்டை மாற்றியே ஆகவேண்டியிருந்தது. மழைக்காலத்தில் கணினியின் பிளக்கையும் இணையக் கேபிளையும் கழற்றி வைப்பது நலம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவைக்கிறோம்.

முத்திரை தெளிவாகத் தோன்றி, விண்டோஸ் வரும் தறுவாயிலோ வந்த பிறகோ திரை கெட்டால், ஐயம் இயக்கியின்மீது திரும்புகிறது. அப்போது விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் ஒருங்கே அழுத்திப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது வரைகலை இயக்கியை மட்டும் புதிதாக எழுப்பிவிடும். திரை ஒரு கணம் மறைந்து, ‘பீப்’ என்ற ஓசையுடன் மீளும். படம் திரும்பிவிட்டால், குற்றவாளியை ஏறக்குறைய அறிந்துகொண்டோம் எனலாம்.

பாதுகாப்பு முறை

அடுத்தது, ‘சேஃப் மோட்’ எனப்படும் பாதுகாப்பு முறையில் கணினியைத் தொடங்குவது. அம்முறையில் விண்டோஸ் உரிய இயக்கியை எழுப்பாமல் தற்காலிக இயக்கியைக்கொண்டே வேலை செய்யும். இதற்கு முன் ஓர் எச்சரிக்கை. புதிய கணினிகள் பலவற்றில் வட்டு பூட்டப்பட்டிருக்கும். பாதுகாப்பு முறைக்குச் செல்லும்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியை விண்டோஸ் கேட்கக்கூடும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைத்தொலைபேசியில் அக்கணக்கைத் திறந்து, எண்ணை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்க.

ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறே ‘ரீஸ்டார்ட்’ என்பதைத் தேர்ந்தால் நீலப் பக்கம் ஒன்று தோன்றும். அதில் ‘டிரபிள்ஷூட்’, பின்னர் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, பின்னர் ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ என்று சென்று மீண்டும் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால், எண்களிட்ட பட்டியல் வரும். நான்காம் எண்ணை அழுத்துக. திரை முற்றும் இருண்டு எதுவுமே தெரியாதவர்கள், விண்டோஸ் தொடங்கும்போது சுவிட்சை நீள அழுத்தி அணைப்பதை மும்முறை செய்தால், பழுதுபார்க்கும் பக்கம் தானாகவே தோன்றும். இது கடைசி வழி, விளையாட்டாகச் செய்யத்தக்கதன்று.

பாதுகாப்பு முறையில் திரை அமைதியாக நின்றால் இயக்கியே குற்றவாளி என்று பலர் அறுதியிட்டுவிடுகிறார்கள். அது முழு உண்மையன்று. அம்முறையில் கார்டுக்கு வேலை மிகக் குறைவு; இளைத்துப்போன மாடும் வெறும் வண்டியை இழுத்துவிடும் அல்லவா? வெப்பத்தால் கெட்டுவரும் கார்டும் அங்கே ஒழுங்காகவே நடந்துகொள்ளும். ஆகவே இயக்கியைத் திருத்திய பின்னும், விளையாட்டோ காணொளியோ ஓடும் நேரத்தில் மட்டும் கோளாறு திரும்புமானால், கார்டையே ஐயுற வேண்டும்.

இயக்கியைத் திருத்துதல்

விண்டோஸின் ‘ஸ்டார்ட்’ பொத்தானில் வலப்புறச் சொடுக்கு கொடுத்து, ‘டிவைஸ் மேனேஜர்’ என்பதைத் திறவுங்கள். ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்ற வரியின்கீழ் உங்கள் வரைகலைச் சில்லின் பெயர் இருக்கும். மடிக்கணினிகள் சிலவற்றில் இரண்டு பெயர்கள் இருக்கும். அது பிழையன்று, இரண்டு சில்லுகள் உள்ளன என்பதே பொருள். முன்னர்க் கூறிய ‘பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்ற பெயர் சாதாரணமாகத் தொடங்கிய நிலையிலும் காணப்பட்டால், உரிய இயக்கி இல்லை. பெயரின்மீது மஞ்சள் முக்கோணம் இருந்தால், அதனை இருமுறை சொடுக்கி உள்ளே எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். 22 என்றால் சில்லு முடக்கப்பட்டிருக்கிறது. ‘எனேபிள்’ கொடுத்தால் போதும். 28 என்றால் இயக்கி நிறுவப்படவில்லை. 43 என்றால், சில்லு தன்னிடம் கோளாறு உள்ளதாகத் தெரிவித்ததால் விண்டோஸ் அதனை நிறுத்திவிட்டது. 43 ஐக் கண்டவுடன் கார்டு செத்தது என்பார் உளர். இயக்கி கெட்டாலும் அதே எண் வரும். ஆகவே இயக்கியை மாற்றிப் பார்த்த பின்னரே அவ்வாறு கூறத் தகும்.

புதுப்பித்தலுக்குப் பிறகு கோளாறு தொடங்கியிருந்தால், அதே பெட்டியில் ‘டிரைவர்’ என்ற தலைப்பின்கீழ் ‘ரோல் பேக் டிரைவர்’ என்னும் பொத்தானை அழுத்துக. முந்தைய இயக்கி மீண்டும் அமரும். இவ்வளவில் பெரும்பாலோரின் துன்பம் தீர்ந்துவிடும். பொத்தான் மங்கலாக இருந்தால், முந்தைய இயக்கி சேமிப்பில் இல்லை என்று பொருள். நாம் முதலிற் கூறிய குடும்பத்திற்கு நேர்ந்தது இதுவே.

அப்போது இயக்கியைத் தேடிப் பெற வேண்டும். பழையதை நீக்குவதற்கு முன்னரே புதியதைக் கையில் வைத்துக்கொள்க. மடிக்கணினியாயின், அடியிலுள்ள முத்திரைத்தாளில் எழுதியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதனைச் செய்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தையே முதலில் நாடுக. மேசைக் கணினியாயின் இண்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகியவற்றுள் உரிய பக்கத்தை நாடுக. வீட்டில் இணையம் இல்லாதவர்கள், ‘நாடி’ எனப்படும் தேசியத் தகவல் பரப்பு மையத்திற்கோ நண்பர் வீட்டிற்கோ பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுசென்று பதிவிறக்கிக்கொள்ளலாம். பின்னர் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, ‘டிவைஸ் மேனேஜரில்’ ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ என்பதைத் தேர்ந்து, இயக்கியையும் நீக்குமாறு கேட்கும் சிறு கட்டத்தில் குறியிட்டு, கணினியை மறுபடி தொடங்கிப் புதியதை நிறுவுக. இணைப்பைத் துண்டிக்கச் சொல்வது ஏனெனில், அது இருக்குமாயின் விண்டோஸ் முந்திக்கொண்டு தானே ஓர் இயக்கியைக் கொணர்ந்து அமர்த்திவிடும்.

எந்த இயக்கி நல்லது? மிகப் புதியதே நல்லதென்று கடைகளில் கூறுவார்கள். பழைய கணினிகளைப் பொறுத்தவரை நாம் இதனை ஒப்புவதில்லை. நிறுவனங்கள் பழைய சில்லுகளை ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடுகின்றன. ஏஎம்டி 2021 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தன் ரேடியான் எச்டி 7000 வரிசை முதலிய பழைய கார்டுகளுக்குப் புதிய இயக்கி வெளியிடுவதை நிறுத்தியது. இண்டெல் 2022 இல் ஆறாம் தலைமுறை முதல் பத்தாம் தலைமுறை வரையிலான நடுச்சில்லுகளின் வரைகலையைப் பழையவற்றின் பட்டியலுக்கு மாற்றியது. இத்தகைய சில்லுகளுக்கு, அவற்றுக்கென இறுதியாக வெளிவந்த இயக்கியே உகந்தது. உங்கள் சில்லின் பெயரும் இயக்கியின் தேதியும் தெரியாவிடில், விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, தோன்றும் பெட்டியில் ‘டிஎக்ஸ்டயாக்’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால், அவ்விரண்டும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். அதனைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இயக்கியைத் தேடும்போது, ‘உங்கள் கணினியில் 27 இயக்கிகள் பழுது, உடனே சரிசெய்க’ என்று மின்னும் விளம்பரங்கள் எதிர்ப்படும். அவற்றை நம்பற்க. நம் கணினியைப் பார்க்காமலேயே நோய் கூறும் மருத்துவர் அவர். தொலைபேசி எண் ஒன்றைக் காட்டி அழைக்கச் சொல்லும் எச்சரிக்கைகளும் வலையே. உண்மையான இயக்கிக்கு அந்த மூன்று நிறுவனங்களும் ஒரு சென்கூடக் கேட்பதில்லை.

வெப்பமும் தூசியும்

படம் ஓடிக்கொண்டிருக்கையில் திரை இரண்டு மூன்று விநாடி இருண்டு, தானே மீள்வதுண்டு. 2007 இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு உள்ள ஏற்பாடு இது. வரைகலைச் சில்லு இரண்டு விநாடிக்குள் மறுமொழி தராவிடில், விண்டோஸ் இயக்கியை நிறுத்தி மீண்டும் எழுப்பிவிடும். எப்போதோ ஒருமுறை நேர்ந்தால் கவலையில்லை. இருபது நிமிடம் ஓடிய பின் தவறாது நேர்ந்தால் வெப்பத்தை ஐயுறுக. மின்சாரத்தைத் துண்டித்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால், விசிறியில் தூசி பஞ்சுபோல் அடைந்திருப்பதைக் காண்பீர்கள். எறும்புக் கூட்டையும் பல்லி முட்டையையும் கண்டால் வியப்பதற்கில்லை. விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் துடைத்தெடுக்கலாம். மடிக்கணினியைப் பிரிக்க நாம் பரிந்துரைக்கமாட்டோம். மெத்தைமீது வைத்துப் பயன்படுத்தாதிருத்தலே அதற்குப் பாதி மருந்து.

கடைக்குச் செல்ல நேர்ந்தால்

அந்த நெகிரி செம்பிலான் குடும்பத்தின் மகள், முத்திரைப் பக்கம் தெளிவாக இருப்பதைக் கண்டாள். பாதுகாப்பு முறையிலும் திரை இருளவில்லை. தன் கார்டுக்குரிய இறுதி இயக்கியைப் பென்டிரைவில் கொண்டுவந்து, ஒரு பிற்பகலில் நிறுவினாள். செத்ததாகச் சொல்லப்பட்ட கார்டு இன்றும் அந்தக் கணினியில் இருக்கிறது. கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நாம் கூறவில்லை; சோதித்துப் பார்க்கச் சோம்பியிருக்கலாம். எவ்வாறாயினும் 380 வெள்ளி வீட்டிலேயே தங்கியது.

எல்லாச் சோதனைகளும் கார்டையே சுட்டினால் கடைக்குத்தான் செல்ல வேண்டும். செல்லும்போது, கோளாறு எப்போது தொடங்குகிறது, முத்திரையில் தெரிகிறதா, எந்த எண் காட்டுகிறது, எந்த இயக்கிகளை முயன்றீர்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய கார்டைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். ‘ஃபார்மேட்’ செய்து பார்க்கிறேன் என்று சொன்னால், கோப்புகளைப் படியெடுக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். படம் தெரியாமற் போனதால் பிள்ளையின் பாடங்களும் குடும்பப் படங்களும் அழிந்துவிடவில்லை. அவை வட்டில் பத்திரமாகவே உள்ளன. ‘ஃபார்மேட்’ செய்தால்தான் அழியும்.

என்ன பழுது, எந்தப் பொருள் மாற்றப்பட்டது, எவ்வளவு தொகை என்பவை எழுதப்பட்ட ரசீது இன்றியமையாதது. வாங்கிய பணத்துக்கு வேலை நடைபெறாவிடில், 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில், மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது; மனுக் கட்டணம் 5 வெள்ளி; வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. கடைக்காரர் கொடுத்த ரசீதையும், கைத்தொலைபேசியில் பிடித்து வைத்த திரைப் படங்களையும் மனுவுடன் இணைத்தல் வேண்டும்.